கேசரியும் பொன்னாடையும்

"இந்த ஆண்டின் சேவைச் செம்மல் கமால் பாய் அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறேன்" என்று மைக்கில் மறுபடியும் சொன்னேன். கூட்டத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மேடையில் சிறப்பு விருந்தினர் இரண்டு கையாலும் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார். சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்ததில் மனிதருக்கு ஏற்கெனவே முகம் வெளுத்திருந்தது. ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவரைப் போல எவ்வளவு நேரம்தான் நிற்பார், பாவம். போட்டோக்காரர் ஒற்றைக் கண்ணை மூடியபடி காத்திருந்தார்.

எங்கள் சங்கத் தலைவர் மெல்ல என் பக்கம் நகர்ந்து வந்தார். "ஏனுங்கம்மா, பாய் எங்கீங்க?"

"நேத்து ஆஸ்பத்திரிக்கு ஆள் கூட்டிக்கிட்டுச் சேலம் எறங்குனவரு, இன்னும் மேல வரலீங்க."

"மத்தியானமே வந்துருவேன்னு சொன்னாருங்களே?"

"சொன்னாருங்க. வரலீங்க" என்றேன். மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். மண்டபம் முழுக்கக் கேட்டுச் சிரித்தது.

வெளியே ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பந்தியிலிருந்து சாம்பார் வாசம் வந்துகொண்டிருந்தது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் வராததற்காக இல்லை. அவரோடு போன ராசம்மா என்ன ஆனாள் என்றுதான்.

பெயர்ப் பலகையின் நிழல்

ராசம்மாவைச் சொல்வதற்கு முன் எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒண்டிக்கடை முக்கில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பது தெரியும். ஏற்காட்டில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஜெராக்ஸம்மா என்றால் எஸ்டேட் நாய்கூட வழிகாட்டும். நோட்டீஸ் அடிக்க வந்த சங்கத்தார், மைக்கில் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் உறுப்பினராக்கிக்கொண்டார்கள்.

சங்கத்தில் எஸ்டேட் மேனேஜர்கள், லாட்ஜ் வைத்திருப்பவர்கள், கடைக்காரர்கள் எல்லோரும் உண்டு. நல்லது செய்வார்கள். செய்த நல்லது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பதிலும் குறியாக இருப்பார்கள். கரடியூரில் மலை விளிம்பில் நாங்கள் போட்ட சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தால் முதுகு நேராகத் தலைவர் பெயரில்தான் சாயும். நாகலூரில் கட்டிய பஸ் நிழற்குடையில் கூரையைவிடப் பெயர்ப் பலகைதான் அதிக நிழல் தருகிறது.

கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். மழை வந்தால் அந்த நிழற்குடைக்குள் அத்தனை எஸ்டேட் சனமும் நெருக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பலகையில் யார் பெயர் என்று அப்போது யார் கேட்கிறார்கள்?

அப்புறம் பொன்னாடை. எங்கள் சங்கத்தில் பொன்னாடை வாங்காதவர் கிடையாது. ரத்தம் கொடுத்தால் பொன்னாடை, மரக்கன்று நட்டால் பொன்னாடை, பொன்னாடை வாங்கிவர சேலம் போய்வந்தவருக்கும் ஒரு பொன்னாடை. எனக்கும் ஒரு தடவை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது. புருஷன் போன பிறகு என்னை யாரும் நிற்கவைத்து மரியாதை செய்தது அன்றைக்குத்தான்.

கமால் பாய்

என் கடைக்குப் பக்கத்துக் கடை கமால் பாயுடையது. டீ, பன், மத்தியானம் சாப்பாடு. சேலத்துப் பக்கமிருந்து அவர் அப்பா காலத்தில் மலையேறி வந்த குடும்பம். சங்கத்தில் எந்த வேலை நடந்தாலும் சமையல் அவர் பொறுப்பு. பசியோடு ஒருத்தரும் தன் கண் முன்னால் நிற்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். பஸ்ஸுக்கு அவசரமாக ஓடுகிறவனைக்கூடப் பிடித்து நிறுத்தி வாயில் பன்னைத் திணிப்பார். "வளைவுல வெறும் வயித்தோட எறங்கப்படாது சாமி, கொமட்டிக்கிட்டு வரும்" என்பார்.

டீ ஊற்றினால் கிளாஸ் நிரம்பிச் சாசரிலும் வழியும். தாராள மனசு என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொள்வோம்.

வருடா வருடம் நாகலூரில் சங்கம் நடத்துகிற கண் முகாமுக்கும் அவர்தான் ஓடியாடுவார். எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் ஆள் சேர்ப்பார். "நீங்களும் ஒருக்கா ஒக்காந்து காட்டுங்க பாய்" என்று டாக்டரம்மா சொன்னால், "நான் கூட்டிக்கிட்டு வர்றவன்மா, எனக்கெதுக்கு" என்று நழுவிவிடுவார்.

பொடி எழுத்து

அந்த வருடம் புரட்டாசியில் முகாம். நோட்டீஸ் அடிக்கத் தலைவர் என் கடைக்கு வந்தார். பழைய எஸ்டேட் மேனேஜர். நல்ல மனுஷர். ஆனால் போட்டோ என்றால் மட்டும் நிதானம் போய்விடும். தலைவர் படம் பெரிசாக மேலே, துணைத் தலைவர்கள் படம் அதற்குக் கீழே, அப்புறம் செயலாளர், பொருளாளர், செயற்குழு. எல்லாப் படத்துக்கும் கீழே கருணைக் கடல், மனிதநேய மாமணி என்று பட்டங்கள் வேறு.

"இன்னும் ஒரு விஷயம் போடோணுமுங்க" என்றார் தலைவர். "ஆப்பரேசனுக்கு ஆள் எடுக்கறதுக்கு முன்னாடி சர்க்கரை டெஸ்ட் இருக்குதாம். வெறும் வயித்துல வரச் சொல்லி ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

"எங்கீங்க போடறது? நோட்டீஸ்ல மூஞ்சிதான் இருக்குது, எடமே இல்லீங்களே."

"கீழ ஓரமா பொடியாப் போட்டு உடுங்கம்மா."

பொடியாகத்தான் போட்டேன். அரிசியில் எழுதுகிறவர்கள் எழுதுகிற அளவுக்கு. அதற்குக் குறைத்தால் எழுத்தே விழாது.

முதல் நோட்டீஸைப் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோய்க் கமால் பாயிடம் காட்டினேன். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "நல்லாயிருக்குதும்மா. எல்லாரும் சிரிச்ச மொகமா இருக்கறாங்க" என்று சொல்லிக் கடை வாசலில் ஒட்டினார்.

நெய் மணந்த முகாம்

முகாம் அன்றைக்குக் காலையில் நாகலூர் போய் இறங்கியதுமே நெய் வாசம் மூக்கைத் துளைத்தது. சமுதாயக் கூடத்தின் வாசலிலேயே அண்டாவில் கேசரி. கூடவே வெண்பொங்கல். தூரத்து எஸ்டேட்டிலிருந்து பனியில் நடந்து வந்த சனத்தைக் கமால் பாய் வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தார். "இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி" என்று ஒவ்வொருத்தர் இலையிலும் கேசரி மலைபோல் ஏறியது. பொடி எழுத்தில் நானே அடித்த வரி அந்த வாசத்தில் எனக்கே மறந்துபோயிருந்தது.

வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்தான் ராசம்மா. நாகலூருக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை. புரை விழுந்து வெளுத்த கண். இலையைக் கையால் தடவிப் பார்த்துத்தான் சாப்பிட்டாள்.

"கண்ணு எப்படியாச்சும் கார்த்திகைக்குள்ள தெரியோணுமுங்க" என்றாள் என்னிடம்.

"ஏன், கார்த்திகைக்கு என்ன?"

"பழம் பறிப்பு தொடங்கிருமுங்களே."

போன பருவத்தில் அவள் பறித்த கூடையில் பாதி பச்சைக்காயாம். எடை போடும்போது எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் எல்லோர் முன்னாலும் கொட்டிக் காட்டியிருக்கிறார். காப்பிச் செடியில் சிவந்த பழத்தை மட்டும்தான் பறிக்க வேண்டும். பச்சை கலந்தால் காப்பியே கெட்டுப்போகும். இந்தப் பருவமும் பச்சை விழுந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயன் வீடும் போகும்.

"எங்க தாத்தன் காலத்துல கீழிருந்து வந்தோமுங்க. கீழ இப்ப எங்களுக்கு ஒருத்தருமில்ல. அந்த ஊட்ட உட்டா நான் எங்க போவேனுங்க?"

சொல்லிவிட்டுக் கேசரியை வழித்து நாக்கில் வைத்தாள். "பாய் கை நொம்ப நல்ல கைங்க. எத்தன நெய்யி!" என்றாள்.

அரைமணி நேரத்தில் விஷயம் வெடித்தது. உள்ளே ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸம்மா வெளியே ஓடிவந்தாள். ஏறக்குறைய எல்லோருக்கும் சர்க்கரை எகிறியிருந்தது. "யாருங்க இவங்களுக்கு இனிப்பு குடுத்தது? வெறும் வயித்துல வரணும்னு நோட்டீஸ்ல போடச் சொல்லியிருந்தோமே!"

எல்லோரும் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைச் சூழ்ந்தோம். தலைவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, குனிந்து, கடைசியில் அடி ஓரத்தில் அந்த வரியைக் கண்டுபிடித்தார். "இருக்குதுங்களே!" என்றார், ஏதோ தொலைந்த பொருள் கிடைத்துவிட்டதைப் போல.

அப்புறம் கமால் பாய் பக்கம் திரும்பினார். "படிச்சுப் பாக்கறதில்லீங்களா பாய்?"

பாய் கையில் கரண்டியோடு நின்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "உங்க மூஞ்சியக் கொஞ்சம் சின்னதாப் போட்டிருந்தா ஊரே படிச்சிருக்குமுங்க" என்றேன். தலைவர் முகம் சுருங்கிவிட்டது. சொன்னது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

சர்க்கரை நோய் இல்லாதவர்களைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்து ஆப்பரேஷனுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே சர்க்கரை உள்ள ராசம்மாவையும் இன்னும் சிலரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அடுத்து மலைக்கு வருவது தையில்தானாம்.

"தையிலீங்களா?" என்றாள் ராசம்மா. "அதுக்குள்ள பழமே முடிஞ்சுருமுங்களே." அழவில்லை. எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்குப் போனாள். அழுதிருந்தால்கூடப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம்.

கமால் பாய் அண்டாவை அப்படியே விட்டுவிட்டு டாக்டரம்மா பின்னாலேயே நடந்தார். அந்தம்மா போகிற இடமெல்லாம் போய்க் கெஞ்சினார். கடைசியில் டாக்டரம்மா இறங்கிவந்தாள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டுச் சர்க்கரையைக் குறைத்து, அவர்கள் சொல்கிற நாளில் வெறும் வயிற்றோடு சேலம் ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்தால் பார்க்கலாம் என்றாள்.

கண்டக்டர் கொண்டுவந்த பதில்

அன்றிலிருந்து ஒண்டிக்கடையில் ஒரு வேடிக்கை தொடங்கியது. காலையில் நாகலூர் பஸ் கிளம்பும்போது கமால் பாய் ஓடிப்போய்க் கண்டக்டரிடம் ஒரு டீயைக் கொடுத்து, "ராசம்மா மாத்திர போட்டுருச்சான்னு கேட்டுட்டு வா கண்ணு" என்பார். பஸ் திரும்பி வரும்போது கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "போட்டாச்சாம் பாய்! களியும் கீரையும்தானாம்!" என்று கத்துவார். ஊருக்கே ராசம்மாவின் சர்க்கரை நிலவரம் தெரிந்துபோயிற்று. சுற்றுலா வந்தவர்கள் ஏதோ சங்கேத பாஷை என்று விழித்தார்கள்.

கமால் பாய் தன் கடையில் கேசரி கிண்டுவதையே நிறுத்திவிட்டார். கேட்டவர்களிடம் ரவை வரவில்லை என்றார். கண்ணாடி அலமாரியில் ரவை டப்பா நிறைந்திருந்தது எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் நாள் சொன்னார்கள். எங்கள் ஆண்டுவிழாவுக்கு முந்தின நாள். இரவு தங்கி மறுநாள் திரும்ப வேண்டும். விழாவில் கமால் பாய்க்குத்தான் சேவைச் செம்மல் பட்டம் என்று அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. "அத வேற ஆருக்காச்சும் குடுத்துருங்க. கேசரி போட்டுக் கெடுத்தவனுக்கு எதுக்குங்க பட்டம்" என்றார் பாய். தலைவர் கேட்கவில்லை. நான் அன்றைக்குச் சொன்ன சொல் அவருக்குள் வேலை செய்திருக்க வேண்டும். தன் வேனையும் டிரைவரையும் அனுப்பிவைத்தார். டீசல் யாருடையது என்று எந்தப் பலகையிலும் எழுதவில்லை.

விடியற்காலை பனி. மலைச் சனத்திடம் கம்பளி ஏது? கமால் பாய் வீட்டுப் பெட்டியைத் திறந்து, அத்தனை வருடமாகச் சங்கம் போர்த்திய பொன்னாடைகளையெல்லாம் அள்ளி வந்தார். சரிகை மினுங்க ஆளுக்கொன்றைப் போர்த்தி வேனில் ஏற்றினார்.

வழிக்கதை டிரைவர் சொல்லித்தான் தெரியும். பாய் சொன்னது போலவே வெறும் வயிற்றோடு வளைவில் இறங்க எல்லோருக்கும் குமட்டியிருக்கிறது. பாய் ஒரு கூடை எலுமிச்சம்பழம் வைத்திருந்தாராம். வளைவுக்கு வளைவு ஒவ்வொருத்தர் மூக்குக்கும் ஒரு பழம். வழியில் வடை வாசம் வந்தால் வண்டியை வேகமாக ஓட்டச் சொன்னாராம். அவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். ஊருக்கே ஊட்டுகிற மனிதர் ஒரு வேன் நிறையப் பட்டினிக்குக் காவல் இருந்திருக்கிறார்.

சாம்பார் வாளியோடு ஒரு பட்டம்

மறுபடியும் மண்டபத்துக்கு வருகிறேன். பொன்னாடையோடு நின்ற சிறப்பு விருந்தினர் ஒருவழியாக உட்கார்ந்துவிட்டார். நேரத்தை ஓட்டுவதற்காக நான் சங்கத்தின் சாதனைகளை மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். மரக்கன்றுக்கு வந்தபோது வாசலில் வேன் வந்து நின்றது. மலைப்பாதையில் மரம் விழுந்து கிடந்ததாம். வெட்டி நகர்த்தும் வரை காத்திருந்து வந்திருக்கிறார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். எல்லோர் தோளிலும் சரிகைப் பொன்னாடை, எல்லோர் முகத்திலும் ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. அப்படி ஒரு கம்பீரமான வரிசையை எங்கள் மண்டபம் பார்த்ததே இல்லை. சிறப்பு விருந்தினர் சட்டென்று எழுந்து கும்பிட்டார். "இவங்களுக்கெல்லாம் ஏற்கெனவே போர்த்தியாச்சா?" என்று தலைவரிடம் கேட்டார்.

நான் மைக்கை விட்டுவிட்டு இறங்கி ஓடினேன். "ராசம்மா, ஆச்சா?"

"ஆச்சுங்கம்மா. ஒரு கண்ணு பண்ணியாச்சு" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு பேச்சாளர் எல்லோர் முன்னாலும் அப்படி மூக்கைச் சிந்தக் கூடாதுதான். வேறு வழி தெரியவில்லை.

கமால் பாய் மேடைப் பக்கமே திரும்பவில்லை. "மொதல்ல எலயப் போடுங்க. மத்தியானத்துலருந்து வண்டியில காஞ்சு கெடக்கறாங்க" என்று சொல்லிச் சாம்பார் வாளியைத் தூக்கிவிட்டார். கடைசியில் சிறப்பு விருந்தினரே பந்திக்கு வந்து பொன்னாடையைப் போர்த்தினார். போட்டோவில் பாய் ஒரு கையில் வாளியும் ஒரு கையில் கரண்டியுமாகத்தான் இருக்கிறார். பாயசத்தை மட்டும் அவர் யாருக்கும் போடவிடவில்லை.

ஒண்டிக்கடையில் ஒரு சாயங்காலம்

கார்த்திகை வந்தது. டாக்டர் சொன்ன நாள் வரை மருந்து ஊற்றிக்கொண்டு, அப்புறம் ராசம்மா பறிப்புக்குப் போனாள். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "பறிக்குதாம் பாய்!" என்று கத்திவிட்டுப் போனார். அதற்கு மேல் ஒரு சேதியும் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் நான் பாய் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நாகலூர் பஸ்ஸிலிருந்து ராசம்மா இறங்கி, யாரையும் பிடிக்காமல், எதையும் தடவாமல், நேராக ரோட்டைக் கடந்து வந்தாள். கையில் மஞ்சப்பை. அதிலிருந்து துவைத்து மடித்த பொன்னாடையை எடுத்து மேசை மேல் வைத்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு கை கொள்ளுமளவு காப்பிப் பழம்.

"ரைட்டரக் கேட்டுட்டுத்தானுங்க எடுத்தாந்தேன். இது நான் பறிச்சது. பச்ச இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க பாய்."

கமால் பாய் பழங்களை உள்ளங்கையில் அள்ளி டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கையை நீட்டினார், மடக்கினார். முகம் மலர்ந்துவிட்டது. "மாஷா அல்லாஹ்! அத்தனையும் செவப்பும்மா. இனி ரைட்டரு வாயத் தொறக்க முடியாது."

நான் எட்டிப் பார்த்தேன். பழங்களுக்கு நடுவே, மேலாகவே, பச்சைப்பசேல் என்று ஒரு காய் இருந்தது.

கையிலிருந்த டீயை மேசை மேல் வைத்துவிட்டேன். கிளாஸில் வழிகிற டீ, தள்ளிப் பிடித்துப் பார்த்த நோட்டீஸ், "எனக்கெதுக்கு" என்று நழுவிய பேச்சு எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பக்கத்துக் கடையிலேயே இருந்துகொண்டு நான் அதற்குத் தாராள மனசு என்று பெயர் வைத்திருந்தேன்.

ராசம்மா அந்தக் காயை மட்டும் எடுத்துப் பாயின் உள்ளங்கையில் தனியாக வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"ஒரே ஒரு பச்சையுங்க. வேணும்னுதான் போட்டாந்தேன்" என்றாள். "அன்னிக்கு வேன்ல என் மூக்குன்னு நெனச்சு என் காதுகிட்ட எலுமிச்சம்பழத்த நீட்டுனீங்க. அப்பவே எனக்குத் தெரியுமுங்க."

கமால் பாய் மூடிய கையை மூடியபடியே வைத்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"தலைவரு எஸ்டேட்டுக்கு வந்திருந்தாரு. உங்க கண்ணப் பத்திச் சொல்லிப்போட்டேன். வர்ற வெள்ளிக்கெழம ஆஸ்பத்திரிக்கு வேன் அனுப்பறாருங்க" என்று சொல்லிக்கொண்டே ராசம்மா மடித்து வைத்திருந்த பொன்னாடையை உதறி, பாயின் தோளில் போர்த்தி, முன்பக்கம் இழுத்துச் சரிசெய்தாள். "காலைல பனி அடிக்கும். இதப் போத்திக்கிட்டு வாங்க. நானும் கூட வாரேன். ஒண்ணும் திங்காம வரோணும், ஆமா."

பாய் பொன்னாடையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு டீ கூடவா கூடாது?"

"கூடாதுங்க" என்றாள் ராசம்மா.